காசி மேஸ்திரியின் மூக்கு போன வருஷம்

ஆம்பூரில் முக்தார் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் காசி மேஸ்திரிக்கு இருந்த மரியாதை முழுவதும் அவருடைய மூக்கினால் வந்தது. பார்ப்பதற்குச் சாதாரண மூக்குதான். சின்ன வயதில் மாடு முட்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். ஆனால் வெளியூரிலிருந்து பச்சைத் தோல் ஏற்றிய வண்டி கேட்டில் வந்து நிற்கும்போதே, "மேல இருக்கற நாலு கட்டு நல்ல சரக்கு. அடியில ஒரு கட்டு உப்பு பத்தாம போய்ட்டுது, எறக்காதே" என்பார். இறக்கிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதுமே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு எல்லாம் ஒரே நாற்றம். காசிக்கு அதற்குள் இருபது முப்பது தினுசு உண்டு. சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டைக் குழி, கடுக்காய்த் தொட்டி, உரித்த ரோமம், சீவிப்போட்ட சவ்வு என்று ஒவ்வொன்றையும் தெருமுனையிலிருந்தே பிரித்துச் சொல்வார்.

எல்லாவற்றிலும் அவருடைய மூக்கு அதிகம் தேவைப்பட்ட இடம் தவிட்டுக் குழி. சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தவிடு கரைத்த தண்ணீரில் போடுவார்கள். தவிடு புளித்துச் சுண்ணாம்பை இழுத்துவிடும். புளிப்பு அளவோடு இருந்தால் தோல் பட்டுத்துணிபோல மிருதுவாகும். அளவு தாண்டி அழுக ஆரம்பித்தால் ஒரே பகலில் எல்லாம் கூழ். எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதைக் காசி குழியருகே குனிந்து ஒரே ஒரு மூச்சு இழுத்துச் சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

அதனால் ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. வேறு யாரும் மோந்து பார்ப்பதை அவரால் சகிக்க முடியாது. பட்டை இடிக்கும் பெண்களில் சவுரியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும், விதவை, அதிகம் பேசாதவள். ஒருநாள் குழிப் பக்கம் போனவள், "இன்னிக்கே எடுத்துடலாம் போலக்குது மேஸ்திரி" என்று சொல்லிவிட்டாள். காசி ஷாப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நீ பட்டை இடிக்க வந்தியா, குழி மோக்க வந்தியா? இந்த ஷாப்புக்கு மூக்கு ஒண்ணுதான். அது என் மூஞ்சியில இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். சவுரியம்மாள் உலக்கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு மாலையே குழியைத் திறந்து தோலை எடுத்தார்கள் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

1927ஆம் வருஷம் ஐப்பசி அடைமழையில் காசிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் பாயோடு பாயாகக் கிடந்தார். அவர் மனைவி ரங்கம்மாள் நொச்சி ஆவி பிடித்தாள், மிளகுக் கஷாயம் கொடுத்தாள், மாரியம்மனுக்கும் தர்காவுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். பதின்மூன்றாம் நாள் காசி எழுந்து வேலைக்குக் கிளம்பினார்.

போகிற வழியெல்லாம் ஊர் வெகு சுத்தமாக இருப்பதுபோல் பட்டது. மழை கழுவிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ரோமம் உலர்த்தும் களத்தைக் கடந்தார். ஒன்றுமில்லை. சவ்வுக் குப்பையைக் கடந்தார். ஒன்றுமில்லை. தவிட்டுக் குழிக்கு வந்து குனிந்து, இத்தனை வருஷமாக இழுத்த அதே மூச்சை இழுத்தார். வெறும் குளிர்ந்த காற்று உள்ளே போய் வெளியே வந்தது. அதில் எந்தச் செய்தியும் இல்லை.

யாரிடமோ மூக்குப்பொடி டப்பியை வாங்கி ஒரு சிட்டிகை இழுத்தார். பதினோரு தும்மல் வந்தது. வாசனை வரவில்லை.

வீட்டில் இதை மறைக்க அவர் பட்ட பாடு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ரங்கம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். முன்பெல்லாம் தெரு திரும்பும்போதே "இன்னிக்கி நெத்திலியா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர், அன்று சட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "இன்னாமே கொழம்பு?" என்றார்.

ரங்கம்மாள் அவரையே பார்த்தாள். "நீயே சொல்லேன்."

காசி சட்டியை மோந்தார். பெரிதாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "கத்திரிக்கா."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "போய்ட்டுதாய்யா?"

"எது?"

"மூக்கு."

"மூக்கு இங்கதான் இருக்குது."

"இருக்குது. உள்ள ஆள் இல்ல" என்றாள் ரங்கம்மாள். "சாயபுகிட்ட சொல்லிடு. நல்ல மனுஷன். காய்ச்சல்ல போனத யார் இன்னா சொல்லப் போறாங்க?"

"சொல்லிட்டு? மூக்கு இல்லாத காசிய எவன் மேஸ்திரின்னு கூப்புடுவான்? கொஞ்ச நாள்ல திரும்பி வந்துடும். வாய மூடிக்கினு இரு."

மறுநாளிலிருந்து காசி வேறு வழிகளில் பிழைக்கப் பார்த்தார். முதலில் மற்றவர்களுடைய முகத்தைப் படித்தார். வண்டியிலிருந்து தோல் இறக்கும்போது கூலிக்காரர்கள் முகத்தைச் சுளித்தால், "அது வேணாம், தனியா வை" என்பார். இதில் பாதி சரியாக வந்தது. மீதிப் பாதியில், ஒருத்தன் பல்வலியால் முகத்தைச் சுளித்திருந்தான், இன்னொருத்தன் மேஸ்திரியைப் பார்த்தே சுளித்திருந்தான்.

அப்புறம் கேட்டுப் பார்த்தார். தவிட்டுக் குழியைக் கவனித்துக்கொண்டவன் வேலாயுதம். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து ஆள். ஆறு வருஷமாக அதே வேலை. அவனைக் கூப்பிட்டு, சோதிக்கிறவர்போல மிடுக்காக, "வேலாயுதம், இன்னா வாசன வருது சொல்லு, பாக்கலாம்" என்றார்.

வேலாயுதம் திகைத்துப்போனான். "நீங்க சொன்னா சரி மேஸ்திரி."

"நீ மோந்து பாத்து சொல்லுடா."

"நாங்க எங்க மேஸ்திரி மோந்து பாக்கறது? நீங்கதானே சொன்னீங்க, ஷாப்புக்கு மூக்கு ஒண்ணுதான்னு?"

அவனை எத்தனை தரம் கேட்டாலும் இதே பதில். மற்ற நாலு பேரைக் கேட்டார். அவர்களும், மேஸ்திரி மனதில் என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடித்தார்களே தவிர, குழியை ஒருவரும் மோக்கவில்லை. பதினெட்டு வருஷமாக எல்லோருடைய மூக்கையும் அவரே அடைத்து வைத்திருந்தார்.

கடைசியில் நாளை எண்ண ஆரம்பித்தார். குளிர் காலம். மூன்றாம் நாள் காலை எடுத்தால் சரியாக இருந்தது. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. குழி முன்னால் குனிந்து, மூச்சை இழுத்து, தலையை ஆட்டி, விரலில் நாள் கணக்கை எண்ணி, "எடு" என்பார். யாரும் சந்தேகப்படவில்லை. காசிக்கே இதில் ஒரு தைரியம் வந்துவிட்டது. மூக்கு என்பது பாதி பெயர்தானோ என்றுகூட நினைத்தார்.

பொங்கல் கழிந்த வாரம், பருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் வெயில் ஏறியது. நூற்றிருபது கன்றுத் தோல் தவிட்டில் கிடந்தது. எல்லாம் மெட்ராசுக்குப் போய்க் கப்பலேற வேண்டிய முதல்தரச் சரக்கு. இரண்டாம் நாள் மத்தியானம் சவுரியம்மாள் பட்டைக் கூடையோடு குழிப் பக்கம் வந்தவள் அப்படியே நின்றாள். நாலடி போனாள், திரும்பி வந்தாள்.

"மேஸ்திரி, கோச்சுக்காதீங்க. தண்ணி திரும்பிட்டா மாதிரி இருக்குது."

இவள் சொல்வது சரியாக இருக்குமோ என்று காசி தயங்கினார். ஆனால் சுற்றி ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வழக்கம்போலக் குனிந்தார். வழக்கத்தைவிட நீளமான மூச்சை, ஊரே பார்க்கும்படி இழுத்தார்.

"நாளைக்கு காலையில எடுத்தா போதும். போய் வேலையப் பாரு."

மறுநாள் காலை வேலாயுதம் குழியில் கைவிட்டு ஒரு தோலைத் தூக்கினான். பாதி கையில் வந்தது. மீதி ஊறிய அப்பளம்போலக் குழியிலேயே நின்றுவிட்டது.

முக்தார் அகமது சாயபு செருப்புக்கூட மாட்டாமல் ஓடிவந்தார். ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். குழியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யா அல்லா! காசி, இது எப்டி ஆச்சு?"

காசி குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

சாயபு தாமே ஒரு காரணத்தைத் தேடினார். "உன் மூக்கு தப்பாது. நீ நேத்து பாத்தே. அப்புறம் யாரோ இன்னாவோ பண்ணியிருக்கான். வேலாயுதம் தவிட்ட ஜாஸ்தி கொட்டிட்டானா?"

வேலாயுதம் காசியைப் பார்த்தான். மேஸ்திரி இப்போது பதில் சொல்லிவிடுவார் என்று நம்புகிறவன் பார்க்கிற பார்வை. காசி குழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இருக்கலாம்."

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வேலாயுதம் அன்றைக்கே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனான். திட்டியிருந்தாலாவது காசிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் காசிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் இடுப்பு வேட்டி இரண்டு சுற்று அதிகம் சுற்றியது. ஷாப்பில் எல்லோரும் அவரிடம் அனுதாபமாகப் பேசினார்கள். "பாவம், அந்தப் பய பண்ணதுக்கு மேஸ்திரி மனசு ஒடைஞ்சி போய்ட்டாரு" என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க அவருக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

ஒருநாள் ரங்கம்மாள் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள்.

"ருசி தெரியாம சாப்புட்டே, சரின்னு இருந்தேன். இப்ப சாப்புடறதும் இல்ல. நான் யாருக்குய்யா சமைக்கறேன்? போ. போய் வேலாயுதத்தக் கூட்டிக்கினு வா. அவன் வர்ற வரைக்கும் இந்த வூட்டுல அடுப்பு எரியாது."

பயமுறுத்தத்தான் சொன்னாள் என்று காசி நினைத்தார். மறுநாள் காலை அடுப்பில் பூனை படுத்திருந்தது.

பள்ளிகொண்டா வரை மோட்டார் பஸ்ஸில் போனார். அங்கிருந்து அணைக்கட்டுப் போகும் ஒரு வைக்கோல் வண்டியில் ஏறிக்கொண்டார். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். "வேலாயுதம், நடந்தது நடந்துபோச்சு" என்று ஆரம்பிக்கலாமா? "நான் ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பிக்கலாமா? வண்டிக்காரன் இரண்டாவதே நல்லது என்றான்.

வேலாயுதத்தின் வீட்டை நெருங்கியபோது வீட்டுச் சாமான்கள் பாதிக்கு மேல் வாசலில் கிடந்தன. பானை, பாய், முறம், தானியக் குதிர்கூட வெளியே. வேலாயுதத்தின் மனைவி கெங்கம்மாள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு நின்றாள். காசியைப் பார்த்ததும் துடைப்பத்தை ஓங்குவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ முகம் மலர்ந்தாள்.

"சாமியே வந்துட்டாரு! யோவ், இங்க வாய்யா! மேஸ்திரி வந்துக்கறாரு!"

வேலாயுதம் உள்ளேயிருந்து வந்தான். முகம் இறுகியிருந்தது. "வாங்க" என்றான், அவ்வளவுதான்.

கெங்கம்மாள் நிறுத்தவில்லை. "எலி செத்துப்போயி மூணு நாளாவுது மேஸ்திரி. எங்க கெடக்குதுன்னு தெரியல. வூட்டுல நிக்க முடியல, சோறு திங்க முடியல. உங்க மூக்கப் பத்தி இவரு ஆறு வருஷமா சொல்லிக்கினே இருப்பாரு. கொஞ்சம் மோந்து சொல்லிட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அக்கம்பக்கத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஆம்பூர் மூக்கு மேஸ்திரி எலியைக் கண்டுபிடிக்கப் போகிறாராம். இந்த இடத்தில் காசி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தார். ஆனால் பத்துப் பேர் பார்க்கும்போது அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது, கால் தானாக உள்ளே போனது. வீட்டின் நடுவில் நின்று கண்ணை மூடி, சாய்ந்த மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பி, நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். வாசலில் நின்றவர்கள் அவருடைய துணிச்சலைப் பார்த்து முணுமுணுத்தார்கள்.

"அந்தப் பரண்" என்று கையை நீட்டினார்.

இரண்டு பேர் ஏறிப் பரணைப் பிரித்தார்கள். விறகு வந்தது, உடைந்த கலப்பை வந்தது, ஒரு தேள் வந்தது. எலி இல்லை.

"அப்போ... இந்த மூலை. தரைக்குக் கீழ."

மூலையைத் தோண்டினார்கள். ஒரு முழம் ஆழத்தில் செங்கல் வந்தது. எலி இல்லை. கெங்கம்மாள் தன் வீட்டுத் தரையைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள்.

காசி அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வாசன தெரியாது" என்றார்.

"இன்னா மேஸ்திரி?"

"வாசன தெரியாதும்மா. ஐப்பசி காய்ச்சல்ல போய்ட்டுது. எலி என் மடியில கெடந்தாக்கூட எனக்குத் தெரியாது."

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேலாயுதம் சிரிக்கவில்லை. மெதுவாகக் கணக்குப் போட்டான். "ஐப்பசியிலயா? அப்போ பொங்கலுக்கு அப்புறம், தவிட்டுக் குழி..."

"மோக்கல. சும்மா மூச்சு இழுத்தேன். நீ தவிடு ஜாஸ்தி போடல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் 'இருக்கலாம்'னு சொன்னேன்."

அவர் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் இதில் இல்லை. வேலாயுதம் தோண்டிப்போட்ட மண்ணைக் காலால் பள்ளத்துக்குள் தள்ளினான்.

"மாமனார் நிலத்துல கூலிக்குப் போறேன் மேஸ்திரி. தெனமும் கேக்கறாரு, நூத்தியிருவது தோல எப்டிடா கெடுத்தேன்னு. நான் கெடுக்கலன்னு சொன்னா, பெரிய மூக்குக்காரரு பொய்யா சொல்லுவாருங்கறாரு. என் பொண்டாட்டியே பாதி நம்பல."

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா பண்ணச் சொல்ற, பண்றேன்" என்றார் காசி.

வேலாயுதம் யோசித்தான். "மொதல்ல எலியக் கண்டுபுடிங்க" என்றான். "மூக்கு இல்லேன்னா இன்னா, கையி இருக்குதில்ல?"

அன்று மத்தியானம் முழுக்கக் காசி மேஸ்திரி எலி தேடினார். வேலாயுதம் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். காசி கூரையில் ஏறி ஓலையை ஒவ்வொன்றாகத் தூக்கினார். சுவர் இடுக்கில் கைவிட்டார். குதிருக்குள் தலைகீழாக இறங்கினார். கடைசியில் கூரையும் சுவரும் சேரும் இடத்தில், கெங்கம்மாள் கல்யாணப் புடவை வைத்திருந்த மூட்டைக்குப் பின்னால் கை நுழைத்தபோது மெத்தென்று ஏதோ பட்டது. வாலைப் பிடித்து வெளியே எடுத்தார். கூடியிருந்த கூட்டம் ஒரே ஓட்டமாக ஓடிற்று. காசி மட்டும் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "இதானா?" என்று கேட்டார்.

வேலாயுதத்துக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. கட்டிலிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புதைச்சிட்டு வாங்க. கை கழுவுங்க, நாலு தரம். சோறு இருக்குது" என்றான்.

மறுநாள் இருவரும் ஆம்பூர் வந்து சாயபுவின் முன்னால் நின்றார்கள். காசி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முக்தார் அகமது சாயபு அமைதியாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"இன்னா மனசு காசி உனக்கு!" என்றார். "இந்தப் பயலோட பொழப்புக்காக உன் சொந்த மூக்கையே இல்லேங்கறியே!"

"இல்ல சாயபு, நிஜமாவே..."

"போதும், போதும். எனக்குத் தெரியாதா உன் மூக்கு? வேலாயுதத்த சேத்துக்கறேன், போ. ஆனா இன்னொரு தரம் யாருக்காகவும் இந்த மாதிரி பொய் சொல்லாதே. அல்லாவுக்குப் புடிக்காது. அப்புறம், அடுத்த குழி நாளைக்கி எடுக்கணுமே, நீயே ஒரு தரம் பாத்து சொல்லிடு."

வெளியே வந்ததும் வேலாயுதம் காசியின் கையைப் பிடித்தான். "வுட்டுடுங்க மேஸ்திரி. எனக்கு வேல வந்துட்டுது. உங்களுக்கும் பேரு வந்துட்டுது. இன்னாத்துக்கு இன்னும்?"

காசி நின்றார். உண்மைதான். இத்தனை நாளில் இவ்வளவு சுலபமாக எதுவும் முடிந்ததில்லை. ஆனால் நாளைக்கு அடுத்த குழி. அதற்கு முன்னால் நின்று மறுபடியும் அந்த வெறும் மூச்சை இழுக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. காசி கெங்கம்மாள் கட்டிக் கொடுத்த சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு ஷாப்பின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு தொட்டியில் சீவிய சவ்வையும் கொழுப்பையும் எருவுக்காகப் போட்டு வைத்திருப்பார்கள். இரண்டு வாரத்துச் சரக்கு. வெயில் நேரத்தில் காக்காய்கூட அந்தத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பறக்கும். காசி தொட்டியின் விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூட்டையை அவிழ்த்தார். கேழ்வரகுக் களியும் கீரையும். நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

செய்தி பரவியது. ஷாப்பே திரண்டு வந்து தூரத்தில், காற்றுக்கு மேல்பக்கமாக நின்றது. சாயபு அத்தர் தோய்த்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். பத்தடி நடந்தார். இன்னும் மூன்றடி. அதற்கு மேல் முடியவில்லை.

"காசி! அரே காசி! எழுந்து வாய்யா!"

"இன்னும் ஒரு உருண்டை இருக்குது சாயபு" என்றார் காசி. அதையும் கீரையில் தொட்டு விழுங்கி, விரலை நக்கி, திருப்தியாக ஒரு ஏப்பம் விட்டார். பட்டை இடிக்கும் பெண்கள் பக்கத்தில் ஒருத்திக்கு வாந்தி வந்துவிட்டது.

"நம்பறேன்!" என்று சாயபு கத்தினார். "நம்பறேன்! போதும், வா!"

குளித்துவிட்டு வந்து நின்ற காசியைச் சாயபு ஏற இறங்கப் பார்த்தார். இப்போது கண் கலங்கவில்லை.

"மூக்கு போனதுக்கு நான் உன்னக் கோச்சுக்க மாட்டேன் காசி. அது அல்லா குடுத்தது, அல்லா எடுத்துக்கினாரு. 'இருக்கலாம்'னு சொன்னியே, அத யார் குடுத்தது?"

வேலாயுதம் தரையைப் பார்த்தான்.

"செரி" என்றார் சாயபு கடைசியில். "குழிய இனிமே யார் பாப்பா? அதச் சொல்லு."

"சவுரியம்மா" என்றார் காசி.

சொல்வது சுலபமாக இருந்தது. சவுரியம்மாளைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். காசி போய்க் கேட்டபோது அவள் உலக்கையை நிறுத்தவில்லை. "எனக்கு பட்டை இடிக்கத்தான் தெரியும் மேஸ்திரி" என்றாள். மறுநாளும் அதே பதில். அந்த இரண்டு நாளும் குழியிலிருந்த தோலைச் சாயபு பயந்துபோய் முன்கூட்டியே எடுக்கச் சொல்லி, அது விறைப்பாகப் போனது வேறு கதை.

மூன்றாம் நாள் காசி எதையும் கேட்கவில்லை. பட்டைத் தூசி நடுவில், எல்லாப் பெண்களும் கேட்கும்படி நின்றார்.

"அன்னிக்கி நீ சொன்னதுதான் சரி. நான் மோந்தே பாக்கல. சும்மா மூச்சு இழுத்தேன். அதுக்கு முன்னாடி ஒரு தரம் உன்னத் திட்டினேனே, அப்பவும் நீ சொன்னதுதான் சரி. அப்ப எனக்கு மூக்கு நல்லா இருந்துது. தெரிஞ்சேதான் திட்டினேன்."

உலக்கை நின்றது.

"அன்னிக்கி நீங்க இழுத்த இழுப்புல எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்டுது" என்றாள் சவுரியம்மாள். "என் மூக்குலதான் கோளாறுன்னு வூட்டுக்குப் போயி ராத்திரி முழுக்க மூக்குல நல்லெண்ண வுட்டுக்கினேன். தும்மி தும்மி நெஞ்சு வலி வந்துட்டுது."

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னா இன்னா ஏதுன்னு கேக்கணும். கத்தக் கூடாது. நான் தப்பா சொல்லிட்டாலும் கத்தக் கூடாது. பட்டை இடிக்கறதுக்கு வேற ஆள் போடணும், ரெண்டு வேலயும் என்னால ஆவாது."

"செரி."

"அப்புறம், தெனமும் குளிச்சிட்டு வாங்க. அந்தத் தொட்டி வாசன இன்னும் உங்க மேல இருக்குது."

அந்த வருஷம் ஷாப்பில் பல விஷயங்கள் மாறின, எல்லாமே நன்றாக மாறின என்று சொல்ல முடியாது. மூக்குக்கு விடுதலை கிடைத்ததும் ஆளாளுக்கு மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு குழிக்கு ஐந்து பேர் ஐந்து அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருநாள் இரண்டு பேர் கடுக்காய்த் தொட்டி விஷயமாக அடித்துக்கொள்ளவே போய்விட்டார்கள். காசி நடுவில் புகுந்து, "சவுரியம்மாவக் கேளுங்கடா" என்று பிரித்துவிட வேண்டியதாயிற்று.

காசி கையால் பார்க்கப் பழகிக்கொண்டார். தோலை மடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் தடம் எத்தனை நேரம் நிற்கிறது, நுரை எந்த நிறத்தில் வருகிறது என்று கவனித்தார். இரண்டு தரம் ஏமாந்தார். இரண்டு தரமும் தானே போய்ச் சாயபுவிடம் சொன்னார். இரண்டாம் தரம் சாயபு, "இதக்கூடவா வந்து சொல்லணும்? அரை மணி தாமசம்தானே" என்று சலித்துக்கொண்டார்.

வீட்டிலும் கஷ்டம்தான். 'தெரியல' என்று சொல்வதில் காசிக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. அரிசி வாங்கலாமா என்றால் தெரியல, மழை வருமா என்றால் தெரியல, கூப்பிட்டது யார் என்றால் தெரியல. "முன்னாடி எல்லாம் தெரியும்னு உயிர வாங்கினாரு. இப்ப எதுவும் தெரியாதுன்னு உயிர வாங்கறாரு" என்று ரங்கம்மாள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குச் சவுரியம்மாள் இரண்டு நாள் லீவு எடுத்தாள். தவிட்டில் எண்பது தோல் கிடந்தது. காசி குழியைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், தோலை அழுத்தினார். நாளைக்குத் தாங்கும் என்று தொண்ணூறு பங்கு தோன்றியது. மிச்சம் பத்துப் பங்கு உறுத்தியது. ஒரு சொம்பில் குழித் தண்ணீரை மொண்டு, மேலே ஒரு வாழையிலைத் துண்டை மூடிக்கொண்டு கிளம்பினார்.

மாதா கோயிலில் பூசை முடிந்து, புதுத்துணி உடுத்திய ஜனங்கள் தெரு முழுக்க நின்றிருந்தார்கள். காசி சொம்போடு நடக்க நடக்கக் கூட்டம் அவருக்கு இருபுறமும் விலகி வழிவிட்டது. தமக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் ஒரு கணம் நினைத்து, காரணம் தெரிந்ததும் சொம்பைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

சவுரியம்மாள் பச்சைச் சேலையில் வாசலுக்கு வந்தாள். சொம்பைப் பார்த்ததும், "பண்டிக நாளுமா மேஸ்திரி!" என்றாள். ஆனாலும் இலையை விலக்கிக் குனிந்தாள். சின்னதாக ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கும். காலையில நானே வந்துடறேன். இத தெருக் கோடியில கொட்டிட்டு, கை கழுவிக்கினு வாங்க. பாயசம் இருக்குது."

காசி கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் குடித்தார். சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாலாம் போட்டுக்கற?" என்று கேட்டார்.

சவுரியம்மாள் எதிரே உட்கார்ந்து, விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெல்லம், தேங்காய்ப் பால், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு, நெய்யில் வறுத்த முந்திரி. காசி அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே குடித்தார்.

"நெய் நல்ல நெய்யா?" என்றார்.

"நாட்றம்பள்ளி நெய். ரொம்ப நல்லா மணக்குது."

"அப்போ இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று கிண்ணத்தை நீட்டினார் காசி மேஸ்திரி.